ரிமோட்டில் அணைத்த டிவி

கார்த்திகை 12, புதன்

இன்று கரண்ட் ஆபீசில் மானம் போனது. மின்சாரச் சிக்கனக் கூட்டத்துக்குப் போனவன், செருப்பை வெளியே விட்டு, வாசலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகையில் உள்ளங்கையை வைத்துவிட்டு நுழைந்தேன். நான் வேலை பார்க்கும் வெடி கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன், உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை. “இங்கன எதுவும் வெடிக்காது, வாங்க அண்ணாச்சி” என்றார் அதிகாரி. கூட்டமே சிரித்தது.

அவர் சொன்ன சோதனையை வந்ததும் செய்தேன். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால், சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது.

“யப்பா, இங்க வாங்க” என்றாள் மகள் செல்வி. டிவியில் சிவப்புப் புள்ளி. தினமும் ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுப்பவன் நான்தான். அவள் சுவிட்சைத் தட்டினாள். சக்கரம் நின்றது. என்னால் நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, அணைக்கச் சொல்லிப் பார்த்தேன்.

“பிள்ள படிக்கிற லைட்டுதான் கரண்ட்டத் திங்குதுன்னீக” என்றாள் மனைவி. “தின்னது யாருன்னு இப்பத் தெரிஞ்சுச்சா?”

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்க வைத்தவன் நான். இன்றும் ஒன்பதானதும் அவளாகவே அணைத்தாள். நான் போய்ப் போட்டுவிட்டு, “படி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விளக்கு இன்னும் எரிகிறது. ‘அப்பா மேலதான் தப்பு தாயி’ என்பது வாய்வரை வந்தது.