செலினுக்குப் போன தாலாட்டு

என் இளைய கைக்குழந்தைக்கு மருந்து உரைக்க ஜாதிக்காயைக் கல்லில் இழைத்தேன். வாசனை கிளம்பியதும் நீதான் அம்மா வந்து நின்றாய். பால் கஞ்சியில்கூட அதைத் துருவிப் போடுவாய். ஏன் என்று கேட்டால், "அங்க அப்படித்தான்" என்பாய். அந்த 'அங்க' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அப்பா செத்த பிறகு, இரண்டு வயதில் என்னை மயிலாப்பூரில் மாமா வீட்டில் விட்டுவிட்டு, கரும்பு வெட்ட டிரினிடாட் தீவுக்குக் கப்பல் ஏறினாய். ஐந்து வருஷம் என்று போனவள் திரும்பியபோது என் மடியில் ஒரு பெண் குழந்தை. துறைமுகத்திலிருந்து நேரே வந்து அவளை வாரியெடுத்து "டூடூ" என்று கொஞ்சினாய். இது என்ன வார்த்தை என்று கேட்டேன். கண்ணே என்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள், செலினை அப்படித்தான் கூப்பிடுவேன் என்றாய்.

செலின் யார் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த குடிசையில் இருந்த ஆப்பிரிக்க வம்சத்துப் பெண் இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோக, அவளுடைய மூன்று வயது மகளை நீ எடுத்து வளர்த்திருக்கிறாய். அவள் ஆளானதும் உறவுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாய்.

அரிசி களையும்போதும் செலினுடைய சனங்களின் கதைதான். பாட்டன் பூட்டன்களை அடிமைகளாகப் பிடித்துப் போனார்களாம். ஆளுக்கொரு பாஷை பேசியவர்கள் ஒரே கொட்டடியில் கிடந்தார்களாம். பிரெஞ்சு முதலாளிகளின் வார்த்தைகளைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்து, தங்களுக்கென்று ஒரு பேச்சைச் செய்துகொண்டார்களாம். பத்வா என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்தில் பேசினால் பிரம்படி விழும்; சாவு வீட்டிலோ அதில்தான் கதை சொல்லிக்கொண்டு எல்லோரும் விழித்திருப்பார்கள் என்பாய். சொல்லும்போதே உன் முகம் மலரும். நான் எப்போது பேசத் தொடங்கினேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒருநாள் நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கிய பிறகும் கடலைப் பார்த்தபடி நின்றாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவளுக்காக ஒரு பாஷையே கத்துக்கினியே, எனக்காக இன்னா பண்ணே?"

"உன் பேரச் சொல்லித்தாண்டி அவளுக்குத் தாலாட்டு பாடினேன். அவளும் அதைத் தமிழ்லயே பாடுவா" என்றாய்.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாய். எனக்கு இன்னும் எரிந்தது. என் தாலாட்டும் அவளுக்கே போயிருக்கிறது. எனக்கு ஒருதரம் பாடு என்றேன். பிள்ளை பெற்றவளுக்கு எவள் தாலாட்டுப் பாடுவாள் என்று சிரித்து, மீன் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாய். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில், பாடாமலே போய்விட்டாய்.

இப்போது செலினுக்கும் பிள்ளைகள் பிறந்திருக்கும். அது ஒரு பெயர் என்றுகூடத் தெரியாத அவர்களை, என் பெயரைச் சொல்லித் தூங்கவைப்பாள். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் ஆறவில்லை அம்மா. ஆனால் அந்த மெட்டைக் கேட்க, அவளைத் தவிர வேறு யாரிடம் போவேன்?