எட்டு மெஷினும் ஒரு இசட் டிரைவும்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. துறைமுக வீதி முழுக்கத் தூசு.

காலையிலேயே மானம் போனது. யார் கணினியைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் அடித்தாலும், மூலையிலிருக்கும் லினக்ஸ் சேர்வரிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, கப்பல் பத்திரங்கள் உள்ள பொது போல்டரை இசட் டிரைவாகத் திறந்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம். அதோடு நின்றிருக்கலாம். முதல் வரியில் தமிழில் ஒரு வணக்கமும் போட்டேன். எட்டு மெஷினிலும் எந்தப் பாசையிலும் இல்லாத எழுத்து. இசட் டிரைவையும் காணோம்.

மனேஜர் ஐயா: "ஹனீபா, என்ட கொம்பியூட்டருக்குப் பேய் பிடிச்சிட்டுது. ஓதிப் பார்க்க ஏலுமோ?"

வணக்கத்தை எடுத்துவிட்டேன். டிரைவ் அப்போதும் இல்லை. வழமை போல மேசை மேசையாகப் போய்க் கையால் திறந்து கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பார்த்தவை:
– போல்டர் அனுமதி. சரி.
– சேர்வர் பெயர். சரி.
– ஸ்கிரிப்டில் எழுத்துப் பிழை. இல்லை. பதினொரு வரி, கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை படித்தேன்.

ஸ்கிரிப்ட் ஓடும் கறுப்புப் பெட்டி திரையில் வருகிறது, கண் சிமிட்டுகிறது, போகிறது.

ஐயா: "வியாழனுக்குள்ள சரிவராட்டி கொழும்பு ஆக்களக் கூப்பிடுறன். நீங்க பழையபடி கிட்டங்கியில மூட்டை எண்ணலாம்."

எண்ணமாட்டேன். பார்ப்போம்.

ஜூலை 9, புதன்

இன்னும் இல்லை. மகள் சப்னா கெம்பஸில் கணினிதான் படிக்கிறாள். கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் நோன்புக்கு வந்தபோதே "அது எப்பவோ ஓடுது மகள்" என்று அளந்துவிட்டேனே. அவளும் போய், "எங்கட வாப்பா லினக்ஸ் சேர்வர் நடத்துறார்" என்று கூட்டாளிப் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன்.

"என்ட கூட்டாளி ஒருத்தன், மகள். அவன்ட ஒபிஸ்ல லொகொன் ஸ்கிரிப்ட் ஓடுதில்லையாம்."

"பைல எதுல எழுதினவராம்?"

"சேர்வர்லதான்."

"லினக்ஸ்லயா? வரிய முடிக்கிற விதம் லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் வேற, வாப்பா. விண்டோஸுக்கு வரி எங்க முடியுதெண்டு விளங்காது. கூட்டாளிட்டச் சொல்லுங்க."

"சொல்றன், சொல்றன்."

ஜூலை 10, வியாழன்

ஏழு மணிக்கே ஒபிஸ். டைப்பிஸ்ட் மலரின் பழைய மெஷினில் பைலைத் திறந்தோம். பதினொரு வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரி.

மலர்: "என்ன ஹனீபா நானா, மூச்சு விடாம எழுதியிருக்கிறீங்க!"

அங்கேயே நோட்பேடில் புதிதாக அடித்தேன். பென் டிரைவில் கொண்டுபோய் சேர்வரில் போட்டேன். எட்டரைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒன்று, இரண்டு... எட்டிலும் இசட்! மேசை மேசையாகப் போனேன், பார்க்க மட்டும்.

ஐயா: "கொழும்பு ஆக்கள் தேவையில்ல. எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"ஒரு கூட்டாளி சொன்னது, ஐயா."

பின்னேரம் வீட்டுக்கு சப்னாவே போன் எடுத்தாள். "வாப்பா, உங்கட கூட்டாளி கிட்டங்கிக்குப் போகாமத் தப்பிட்டாரா?"

கிட்டங்கிக் கதையை நான் அவளிடம் எடுக்கவேயில்லை. குசினி அடுப்படியில் மனைவி சிரிக்கும் சத்தம்.

"ஓம் மகள். தப்பிட்டான்."

சொல்லாதது: அவன் கிட்டங்கிக்குப் பயப்படவில்லை. நீ கெம்பஸில் சொன்ன கதை பொய்யாகிவிடுமே என்றுதான் பயந்தவன்.