சின்னசாமி மாமா அக்கரைக்கு வந்த கதை

சைனிக்புரி

அன்பு மகள் சுபாஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் கௌஷிக்கும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்கு நிம்மதி. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டு ஸ்மிதா இனிப்பு கொண்டுவந்தால் நான் நக்கோ, வேண்டாம் என்று சொல்வதற்குள் கையை நீட்டிவிடுகிறார். போனில் நீ மாமாவைப் பற்றிக் கேட்டபோது அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தையாக இருந்தபோது ஒரே ஒரு தடவை தாழந்திட்டுக்கு வந்திருக்கிறாய், நினைவிருக்காது. கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு, அதுதான் நான் பிறந்த ஊர். அந்த மணல் ஒரே இடத்தில் நிற்காது. என் தாத்தா காலத்து ஊர் இருந்த இடத்தில் இப்போது படகு ஓடுகிறது. கடல் நெருங்கினால் கூரையையும் கம்பத்தையும் பிரித்துக்கொண்டு ஏரிப் பக்கமாகத் தள்ளிப்போய்க் கட்டிக்கொள்வார்கள், அப்படியே மூன்று தலைமுறை ஓடிவிட்டது. போன ஐப்பசிப் புயலில் கடல் திட்டை நடுவில் அறுத்துக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்தது, குடிதண்ணீர்க் கிணறும் உப்பாகிவிட்டது, தள்ளிப்போக இனி மணலும் இல்லை. அரசாங்கம் அக்கரையில் வீடு கொடுத்ததும் ஊரே போய்விட்டது, ருக்மிணி அத்தையும் போய்விட்டாள். மாமா மட்டும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அத்தை போனில் அழுததைக் கேட்டு நானும் அப்பாவும் ரயிலேறி, சூளூர்பேட்டையில் இறங்கி, படகு பிடித்துப் போனோம். மாமா பாதியாக இளைத்திருந்தார், கேனில் தண்ணீர் வரவழைத்துத் தானே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். இந்த மணல் மேல் உனக்கு என்ன அப்படி ஆசை என்று கேட்டேன். ஆசையா, எனக்கும் முட்டி வலிக்குது, கொசு வேற பிடுங்குது, ஆனா நான் கிளம்பினா பாடு போயிடும் சகுந்தலா என்றார். பாடு என்றால் ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்ற முறை. முகத்துவாரத்துப் பாடு திட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் என்பது பழைய ஏற்பாடு. திட்டு காலியானால் அதைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சுற்றியுள்ள ஊர்களில் பேச்சு வந்துவிட்டதாம். இத்தனை மாதமாக மனிதர் எல்லோருடைய பிழைப்புக்கும் காவலாக ஒற்றை ஆளாய் இருந்திருக்கிறார். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், சொன்னா பாதிப் பேரு திரும்பி வந்துடுவாங்க, புள்ளைங்கள வச்சிக்கிட்டு இங்க எப்படி இருக்கிறது என்கிறார்.

அப்பா மறுநாள் காலையில் அக்கரைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலில் எழுந்தவள் அத்தைதான். எல்லா ஊர்ப் பெரியவர்களும் கூடிய கூட்டத்துக்குப் பெண்களை அழைத்துக்கொண்டு போனாள். மணலு நகர்ந்தப்பல்லாம் நாங்களும் நகர்ந்தோம், பாடும் எங்க கூடத்தானே வந்துச்சு, இப்பவும் நகர்ந்துதான் இருக்கிறோம், கொஞ்சம் தூரமா, அவ்வளவுதானே என்று கேட்டாள். பேச்சு வளர்ந்தது, சிலர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார்கள், சாயங்காலம்தான் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். தாழந்திட்டுக்காரர்கள் எங்கே குடியிருந்தாலும் அந்தப் பாடு அவர்களுடையதுதான். திட்டு காலியாகிவிடுமே என்று மாமா கூட்டத்துக்கு வரவில்லை, அத்தையே படகில் போய்ச் சொன்னாள். அவர் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார், பானைகளைப் படகில் ஏற்றினார், வீட்டில் சோறு இருக்கா என்று கேட்டார். அவ்வளவுதான்.

முட்டி வைத்தியத்துக்காக அவரை இங்கே அழைத்துவந்திருக்கிறோம். சாப்பிடுகிறார், தூங்குகிறார், மறுபடி தூங்குகிறார். கடல் சத்தம் இல்லாமல் உனக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன், இப்பதான் வருது என்றார்.

அத்தை அக்கரையில் தனியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளுக்குப் போன் செய், ஊரே அவளைக் கொண்டாடுகிறது, நீயும் ஒரு வார்த்தை சொல். கௌஷிக்கைத் தமிழில் பேசச் சொல், இங்கிலீஷில் பதில் சொன்னால் அவளுக்குப் புரியாது. தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உன் அம்மா,
சகுந்தலா