தானாகத் திறக்காத கதவு

18 நவம்பர், செவ்வாய்

போன மாதம் பயிற்சிக்கு இங்கிலாந்து போனபோது நடந்ததை, கூட வேலை பார்க்கும் செல்வம் அண்ணாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இன்று ஆபீஸ் மீட்டிங்கில் போட்டு உடைத்துவிட்டார்.

கில்ஃபோர்டு என்ற பழைய ஊரில் தங்கி, லண்டன் ஆபீசுக்குத் தினமும் ரயிலில் போய்வந்தேன். முதல் நாள் ரயில் வந்து நின்றது. இங்கே துபாய் மெட்ரோவில் போய்வரும் பழக்கத்தில், கதவு தானாகத் திறக்கும் என்று காத்து நின்றேன். உள்ளேயிருந்த ஒரு பெண்மணி கண்ணாடி வழியாகக் கதவோரப் பொத்தானைக் காட்டினார். தள்ளி நிற்கச் சொல்கிறார் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். ரயில் போய்விட்டது. யாரிடமும் கேட்கக் கூச்சம். அடுத்த ரயிலில் ஒருவர் பொத்தானை அழுத்தியதைப் பார்த்து, அவர் பின்னாலேயே ஏறினேன்.

இன்று மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் ரெஹானா மேடம், "ஜனவரியில ஆறு மாசம் லண்டன் போகணும். யார் போறீங்க?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் செல்வம் அண்ணா முந்திக்கொண்டார். "ரயில வழியனுப்பி வைக்க ஆள் வேணும்னா நம்ம கவிதாவ அனுப்புங்க மேடம், கலாஸ், வேலை முடிஞ்சது!" கதையையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும்தான்.

ஆனாலும் சொல்லிவிட்டேன். "நான் போறேன் மேடம். ஒரு ரயிலத்தான் விட்டேன். மத்த நாளெல்லாம் நேரத்துக்குப் போயிட்டேன்."

"பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அது போதாது. நாளை நான் தங்கியிருக்கும் சத்வாவில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆபீசுக்குப் போய், அவர் அறைக் கதவைத் தட்டிக் கேட்கப்போகிறேன்.