மோதிரத்துக்கு நின்ற சாட்சி

அன்பு மகன் எல்கானாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மெல்பர்னில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

உன் கட்டுரையால் இங்கே எருசலேமில் ஒரு குடும்பம் பிரிந்து கிடக்கிறது. வேதம் சொல்லும் படைப்பின் ஆறு நாளும் நம் கடிகாரத்து நாள் இல்லை, பிரபஞ்சத்துக்கு ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி வயது, இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை என்றெல்லாம் எழுதினாயே, அதை எந்தப் புண்ணியவானோ உன் நண்பன் நஃப்தாலியின் மாமனார் குட்மனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். நஃப்தாலி மோதிரம் போட்டபோது சாட்சியாக நின்றவன் நீ, திருமண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனும் நீ. குட்மன் ஜெபக்கூடத்து வாசலிலேயே அப்பாவை மறித்துக்கொண்டார். "உலகம் படைச்சு ஐயாயிரத்துச் சொச்ச வருஷம்னு எழுதின தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு, பத்திரிகையில கோடிக் கணக்கு சொல்றவன் ஒரு சாட்சியா? உங்க பையன் நம்பறது எதைய்யா?" என்று ஊரே கேட்கக் கத்தினார். சாட்சி செல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது என்று மகள் ஷிஃப்ராவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு ஆறு மாதம். அந்த வயிற்றோடு இன்னொரு தடவை மணப்பந்தலில் நிற்பதா என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்பாவும் நானும் சமய நீதிமன்றத்து ரபி ஸெலிக்கிடம் போனோம். உன் கட்டுரையை இரண்டு தரம் நிதானமாகப் படித்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, "சூரியனையே நாலாம் நாள்தானே படைச்சார், அப்போ முதல் மூணு நாளை எந்தக் கடிகாரத்தை வச்சு அளக்கிறது? சின்ன வயசுல நானும் கேட்டு அறை வாங்கியிருக்கேன்" என்றார். படைத்தவரை நீ மறுக்கவில்லை, வயதுக் கணக்கால் சாட்சி கெடாது, குட்மனிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எழுந்திருக்கப் போகும்போது ரபி, "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஓய்வுநாளை மீறறவன் சாட்சி நிக்க முடியாது. கல்யாணத்தப்போ உங்க பையன் ஒழுங்கா அனுசரிச்சுக்கிட்டிருந்தானில்ல?" என்றார். அப்பா சட்டென்று, "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு, அவன் எங்க பிள்ளை" என்றார். நான் குறுக்கே விழுந்து, எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? கல்யாணத்துக்கு முந்தின மாதம், நீ இன்னும் மெல்பர்னில் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு படம் அனுப்பினாய். அடுப்பில் கோழி சூப் கொதிக்கிறது, உப்பு எப்போது போடணும் அம்மா என்று கேட்டிருந்தாய். பிள்ளை என் கைப்பக்குவத்தைத் தேடுகிறானே என்று பூரித்துப்போய்ப் பதிலும் போட்டேன். வெங்காயம் நறுக்கும்போதுதான் உறைத்தது, எனக்குத்தான் மத்தியானம், உனக்கு எப்போதோ இருட்டி, அடுப்பையும் போனையும் தொடக்கூடாத ஓய்வுநாள் பிறந்திருக்கும். படத்தில் ஜன்னலும் கறுப்பாகத்தான் இருந்தது. பழைய படமாக இருக்கும், போன் தாமதமாகக் காட்டியிருக்கும் என்று எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கோடி வருஷத்தை நீ வேதத்தோடு எப்படி வேண்டுமானாலும் பொருத்திக்கொள், எனக்கு அதில் சண்டை இல்லை. அந்த ஒரு சாயங்காலத்தை எதோடு பொருத்துவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ராஜா, ஒரு வரி எழுது. கட்டுரை வேண்டாம். என் மனசு நோகும் என்று பொய் மட்டும் எழுதிவிடாதே, ஒரு பெண்ணின் வாழ்க்கை அதில் தொங்குகிறது. அனுசரித்தேன் என்று எழுதினால் நேரே ரபி கையில் கொடுத்துவிடுவேன். இல்லை என்றாலும் கொடுப்பேன்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன்னைக் காத்து, தம் முகத்தை உன் பக்கம் திருப்பட்டும் என்று அப்பா இன்னமும் வெள்ளிக்கிழமை தோறும் உன் வெறும் நாற்காலிக்குப் பின்னால் நின்று கை வைத்துச் சொல்கிறார். உன் பதில் எதுவானாலும் முதலில் அவருக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

உன் அம்மா,
ஃப்ரூமா