அரைமணி நேர பேக்கரி

மார்ச் 4, செவ்வாய்

கடன் தரகர் இன்று எங்கள் அச்சுக் கடைக்கு வந்து மூன்று ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கச் சொன்னார். பேக்கரி, தையலகம், சைக்கிள் கடை. மாட்டுவதற்கு மூலைகளில் வளையம் அடிக்கப் போனேன். "அதெல்லாம் வேணாம்மா, அப்படியே சுருட்டிக் குடுங்க" என்றார். அப்புறம் எதில் மாட்டுவார்கள்? கேட்கவில்லை. எங்கள் கடன் விண்ணப்பம் அவர் கையில் இருக்கிறது. அரசாங்கத்தின் சிறுதொழில் திட்டத்தில் புது அச்சு இயந்திரத்துக்கு வாங்கித் தருவதாக ஆறு மாதமாகச் சொல்கிறார். பழையது இழுத்துக்கொண்டிருக்கிறது. அது நின்றால் கடைக்கும் பூட்டுதான்.

மார்ச் 5

அது என்ன, வளையம் இல்லாத போர்டு? மண்டை குடைகிறது.

மார்ச் 6

போர்டில் இருந்த பேக்கரி முகவரிக்கே போய்விட்டேன். மூடிய ஷட்டர், "வாடகைக்கு" என்ற அட்டை. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"பேக்கரியா? நேத்து அரைமணி நேரம் இருந்துச்சே! வண்டியில அடுப்பு வந்துச்சு, ரெண்டு பேர் போர்டைப் பிடிச்சுக்கிட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. சாயங்காலம் அதே எடத்துல தையல் மெஷின்."

விழுந்து விழுந்து சிரித்தேன். கடை நடக்கிறதா என்று பார்க்கத்தான் திட்டத்தில் படம் கேட்கிறார்கள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மார்ச் 7

பேக்கரி போர்டில் உரிமையாளர் பெயர் இருந்ததே — கணினியில் திறந்து பார்த்தேன். முதலெழுத்து உட்பட, நம் தெருமுனையில் துணி தேய்க்கும் அக்காவின் பெயர்! ஓடினேன்.

"அக்கா, நீங்க பேக்கரி வெச்சிருக்கீங்களா?"

"நக்கலா? ரொட்டி வாங்கவே யோசிக்கிறவ நான்."

புதுத் தள்ளுவண்டிக்குக் கடன் கேட்டுத் தரகரிடம் காகிதம் கொடுத்தாளாம். உனக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டாராம். அந்தக் காகிதத்தை வைத்தே கடன் இவள் பெயரில் வரும், பணம் அவர் பைக்குப் போகும், கட்ட வேண்டியது மட்டும் இவள் தலையில். பாவி! இதுக்கா நான் போர்டு அடிச்சுக் குடுத்தேன்?

மார்ச் 9

கணவர்: "நமக்கு எதுக்கு வம்பு? நம்ம ஃபைல் அவர்கிட்டல்ல இருக்கு."

அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பழைய ஆர்டர்களைத் துழாவினேன். வளையமில்லாமல் மொத்தம் பதினொன்று! முந்தைய எட்டையும் அடித்தது கணவர். அவர் எதையும் ஏன் என்று கேட்கிற ஆளில்லை.

மார்ச் 10

திட்ட அலுவலகம். அதிகாரி அம்மா படங்களை மேசையில் பரப்பினார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"போர்டோட மேல் ஓரத்தைப் பாருங்க மேடம்."

ஒவ்வொன்றிலும் போர்டைப் பிடித்திருக்கும் விரல்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதையெல்லாம் அடிச்சது உங்க கடையிலதானா?"

ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேக்கரிக்குப் பணம் இன்னும் போகவில்லையாம், நிறுத்திவிட்டார்கள். தரகர் வழியாக வந்த மற்ற எல்லாவற்றையும்கூட. அப்படியானால் எங்களுடையது?

மார்ச் 12

தரகரைப் பிடித்துவிட்டார்கள். கணவர் பழைய இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

மார்ச் 19

அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தரகரின் பையில் என் காகிதங்கள் இருந்தனவாம். ஆறு மாதமாக "மேல போயிருக்கு" என்றவர் அவற்றை அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை. அவரை நம்பி, எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த என் படிவத்தில், தொழில் என்ற இடத்தில் பென்சிலால்: மீன் பண்ணை.

ஊரார் போர்டையெல்லாம் துருவிப் பார்த்தவளுக்கு, தன் படிவத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே!

கணவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனா?" என்றார்.

மார்ச் 20

இருவருமாகப் போய்ப் புதுப் படிவம் வாங்கினோம். இதற்குப் போய் ஒரு தரகர் — நாலே பக்கம்! வரிசையில் எங்களுக்கு முன்னால் தேய்க்கிற அக்கா. பேனாவில் ஒவ்வொரு கட்டமாக நானே நிரப்பினேன். கணவர் பக்கத்தில் நின்று, "இது எதுக்கு? அது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.