லூனாய் விரிகுடாவின் சிவப்பு நிலம்

பிப்ரவரி 9

படகு கரையைத் தொடவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி, கருவிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அதற்குள் மணல் ஈக்கள் கழுத்தைக் கடித்துத் தடிக்க வைத்துவிட்டன.

நானூற்றுப் பன்னிரண்டு ஹெக்டேர். காடு, சதுப்பு, கடற்கரை, எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் நிறம் பிரிக்க வேண்டும். கட்டலாம் என்றால் பச்சை, யோசித்துக் கட்டலாம் என்றால் மஞ்சள், கட்டவே கூடாது என்றால் சிவப்பு. மழைக்கு முன் வரைபடம் வேண்டும் என்று என் மேலதிகாரி மக்சினோ சார் அலுவலகத்தில் குதிக்கிறார். ரிசார்ட் கம்பெனி அவரை நெருக்குகிறது.

வழிகாட்ட இசித்ரோ என்பவர் வந்திருக்கிறார். நண்டு பிடிப்பவர், ஐம்பது வயதிருக்கும். இங்கே வாழும் இருபத்து மூன்று தக்பனுவா பழங்குடிக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. நாள் முழுக்க என்னோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

பிப்ரவரி 11

மதியம் இசித்ரோ உளுத்த அலையாத்திக் கட்டை ஒன்றைப் பிளந்தார். உள்ளேயிருந்து நீளப் புழுவை உருவி, காடியில் நனைத்து நீட்டினார். அப்படியே விழுங்கினேன். முதல் முறையாகச் சிரித்தார்.

"மணிலாக்காரங்க கக்கிருவாங்கன்னு மச்சான்கிட்ட பந்தயம் கட்டியிருந்தேன். கவுத்துட்டியே தங்கச்சி."

நான் பிறந்ததே இதே மாகாணத்துப் புவெர்த்தோ பிரின்சேசாவில், பள்ளிக்கூட வாசலில் இதைத் தின்று வளர்ந்தவள் என்று சொல்லவில்லை. தங்கச்சி என்று கூப்பிட்டது பிடித்திருந்தது.

விரிகுடா வாயில் இருக்கும் தாழ்நிலத்தில் மண்ணின் உறுதி பார்க்கும் கம்பியை இறக்கினேன். மூன்று மீட்டர் போயும் கெட்டி மண் இல்லை. மரங்களில் பழைய புயல் அலை ஏறிய உப்புத் தடம் என் தலைக்கு மேலே நிற்கிறது. சிவப்பு. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14

பெரிய புயல் வந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பாறைக்குப் பின்னால் ஒரு மேடு. கீழேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு மணி நேர ஏற்றம். மேலே சமதளம், நல்ல தண்ணீர் ஊற்று, அவர்களுடைய கல்லறைகள்.

"காத்து வந்தா எல்லாரும் இங்கதான். வெளியாளுக்குக் காட்டுறதில்ல. நீ காகிதத்துல எழுதிட்டா நாளைக்கு எவனும் இத எங்ககிட்டேர்ந்து பிடுங்க முடியாதுல்ல? அதுக்குத்தான் காட்டுறேன்."

எழுதுகிறேன் அண்ணே என்றேன். அங்கேயே களக் குறிப்பேட்டில் எழுதினேன்.

பிப்ரவரி 15

கடினப் பாறை. ஆறு டிகிரிச் சரிவு. கடல் மட்டத்திலிருந்து முப்பத்தோரு மீட்டர். நானூற்றுப் பன்னிரண்டு ஹெக்டேரிலும் ஒரு குறையும் இல்லாத பச்சை அது ஒன்றுதான்.

மார்ச் 20

மக்சினோ சார் வரைபடத்தை மேசை மேல் விரித்து, பச்சையின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. இப்படி ஓர் இடம் இருப்பது விமானப் படத்தில்கூடத் தெரியவில்லை என்றார்.

புயலுக்கு அவர்கள் ஒதுங்கும் இடம், கட்டக் கூடாதவற்றில் சேர்க்கலாம் என்றேன். அப்படி ஒரு தடை பட்டியலில் இல்லை என்றார். பின்னிணைப்பில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"நீ அளந்தது சரியா, தப்பா?"

"சரிதான் சார்."

"அப்ப கையெழுத்துப் போடு."

போட்டேன். அந்த அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. பதினாறு வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே துல்லியமானது அதுதான். இதை எதற்கு இங்கே எழுதி வைக்கிறேன்?

ஜூன் 2

கருத்துக்கேட்புக் கூட்டம். ரிசார்ட் மேட்டில் வரும்; குடும்பங்கள் இப்போது இருக்கும் கரையும் அதற்குப் போகும். குடும்பங்களுக்கு மாற்று இடம் விரிகுடா வாயில் உள்ள தாழ்நிலம் என்று கம்பெனி ஆள் படித்தபோது நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். மக்சினோ சார் பக்கம் குனிந்து, அது சிவப்பு என்றேன். மூன்று மாடிக் கட்டடத்துக்குத்தான் சிவப்பு, மூங்கில் குடிசைக்கு என்ன கேடு என்றார்.

இசித்ரோ எழுந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"தங்கச்சி, நீ கம்பி விட்ட எடந்தானே அது? எவ்வளவு ஆழம் போச்சு? எல்லாருக்கும் சொல்லு."

கூடமே என் பக்கம் திரும்பியது. நான் சொன்னது: "அது அறிக்கையில் இருக்கிறது."

அவர் உட்கார்ந்தார்.

ஜூன் 3

மூணு மீட்டர். ரெண்டே வார்த்தை. வாய் செத்தா போச்சு எனக்கு? சார் முறைச்சாரா, அதுவும் இல்ல. யாரும் மிரட்டல. நானாத்தான் —

ஆகஸ்ட் 27

மேட்டின் அடிவாரத்தைச் சுற்றிக் கம்பிவேலி முடிந்தது. குடும்பங்கள் தாழ்நிலத்துக்குப் போய்விட்டன. படகோட்டி சொன்ன செய்தி: மேட்டை அந்நியப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்தவன் என்று இசித்ரோவோடு யாரும் பேசுவதில்லை. அவருடைய நண்டுக் கூண்டுகளை மச்சானே உடைத்துக் கடலில் எறிந்தானாம். மனைவி பாசிங் மட்டும் அவரோடு சேர்ந்து சாப்பிடுகிறாளாம்.

டிசம்பர் 16

காலையிலிருந்து காற்று. விரிகுடாவுக்குத் தொடர்பு இல்லை.

டிசம்பர் 22

இன்றுதான் படகு விட்டார்கள்.

தாழ்நிலத்தில் வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. புயலன்று மதியம் கடல் பொங்கியதும் எல்லாரும் பழக்கத்தில் மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். வாயிற்கதவு பூட்டியிருந்தது. காவலாளிகள் முந்தின நாளே சாவியோடு நகரத்துக்குப் போய்விட்டார்கள். வேலியை வெட்டி நுழைந்தவர்கள் பிழைத்தார்கள். வெட்டும் வரை கீழே காத்து நின்றவர்களில் ஒன்பது பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. பாசிங் அதில் ஒருத்தி.

இசித்ரோ வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் உள்ளே. செத்த ஒன்பது பேரையும் பழைய கல்லறைகளின் பக்கத்தில் புதைத்தபோதுகூட அவரை விடவில்லையாம். பாசிங்கையும் சேர்த்துத்தான். அவர் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணே என்றேன். அவர் திரும்பவில்லை.

ஜனவரி 10

மக்சினோ சார் எல்லாருக்கும் முன்னால் கை குலுக்கினார். "தண்ணி எங்க நின்னுச்சு தெரியுமா? இவ போட்ட சிவப்புக் கோட்டுல. ஒரு அடி தாண்டல."

கைதட்டினார்கள். ரிசார்ட்டின் விளம்பரத்தில் இதைப் போடப்போகிறார்களாம்.

கேக் வெட்டினார்கள். என் பங்கை முழுக்கச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18

ஒன்பது பேர் சாவை விசாரிக்க அரசு அமைத்த ஆணையத்துக்கு நானாகவே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. களக் குறிப்பேட்டை அப்படியே கொடுத்துவிட்டேன். மூன்று மீட்டர், உப்புத் தடம், மேடு யாருடையது — எல்லாம் அதே நாளில் என் கையால் எழுதியது. வேலை போனால் போகட்டும். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

மே 6

தீர்ப்பு.

மக்களின் சம்மதம் பெறப்பட்டதா என்பதுதான் ஆணையத்தின் முதல் கேள்வியாம். பெறப்பட்டது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சான்று என் குறிப்பேடு. பிப்ரவரி 14ஆம் தேதிப் பக்கம்: "வழிகாட்டி இசித்ரோ தாமாக முன்வந்து மேட்டுக்கு அழைத்துச் சென்றார், பதிவு செய்யும்படி அவரே கேட்டுக்கொண்டார்."

தாழ்நிலத்தின் ஆபத்து பற்றி? வழிகாட்டி உடனிருந்தபோதே கம்பி இறக்கப்பட்டதால், ஆபத்து குடும்பங்களுக்கு முன்பே தெரியும் என்று கொள்ளப்படுகிறது.

கம்பெனி மேல் குற்றமில்லை. தீர்ப்பில் பெயரோடு இருப்பவர் இசித்ரோ ஒருவர்தான்.

மாலையில் மக்சினோ சார் கூப்பிட்டார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். "நோட்டைக் கொண்டுபோய் நீயே கொடுத்த பாரு, நம்ம வக்கீலுக்குக்கூட அது தோணல" என்றார்.

மே 7

அந்த வரியை மரியாதைக்காக எழுதினேன். அவர் நல்ல மனுஷன்னு காட்டறதுக்காக எழுதினேன். வேற எதுக்கும் இல்ல.

ஜூலை 30

மிஞ்சிய குடும்பங்கள் வடக்குத் தீவுக்குப் போய்விட்டன. இசித்ரோவை விட்டுவிட்டு. ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கைப்பையிலேயே இருக்கிறது.

நவம்பர் 19

ரிசார்ட்டின் இரண்டாம் கட்டத்துக்கு அளக்க வந்திருக்கிறேன். இப்போது மேடு வரை தார்ச்சாலை. வண்டியில் பத்து நிமிடம்.

வாயிலில் நீலச் சட்டை போட்ட காவலாளி பதிவேட்டோடு வந்தார். இசித்ரோ. போக வேறு இடம் இல்லாததால் கம்பெனியே வேலை கொடுத்திருப்பதாக ஓட்டுநர் பிறகு சொன்னார்.

கண்ணாடியை இறக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பேர் சொல்லுங்க மேடம்."

சொன்னேன். எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதிக்கொண்டு, வாயிற்கதவைத் திறந்தார்.